கிளட்ச் கனமா? ஸ்பிரிங்கைத் திட்டாதீர்கள்

பைக் கிளட்ச் கனமாக இருக்கிறது என்று எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "இந்த வண்டி அப்படித்தான் சார்." இன்னொன்று, "ஸ்பிரிங் மாத்திடலாம் சார்." முதல் பதிலால் கை வலி போகாது. இரண்டாவதால் கை வலி போகும். கூடவே மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. காசு அதிகம் கேட்காது, நேரம் கேட்கும். வரிசையாகப் பத்து வண்டி நிற்கும் பட்டறையில் அந்த நேரத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

நான் பேசப்போவது பெரும்பாலும் காஸ்ட் அயர்ன் புல்லட்டை வைத்து. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நான்கு கியர் ஆல்பியன் பெட்டி. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டு, தாய் நிறுவனம் மூடிய பிறகும் பல காலம் அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் மவுண்ட் ரோட்டில் இத்தனை சிக்னல் கிடையாது. காலையில் ஒருமுறை கியர் போட்டால் ஊர் எல்லை வரை கிளட்சைத் தொடாமல் போயிருப்பார்கள். இன்று கிண்டியிலிருந்து தேனாம்பேட்டை போவதற்குள் இடது கை படும் பாடு தனி. ஆனால் கீழே சொல்வதில் முக்கால்வாசி, ஒயர் கிளட்ச் உள்ள எந்த வண்டிக்கும் பொருந்தும். பல்சர், ஸ்ப்ளெண்டர், அப்பாச்சி என்று எதுவானாலும் சரி.

உள்ளே நடப்பது இதுதான். எஞ்சினோடு சுற்றும் பிளேட்டும் கியர் பாக்ஸோடு சுற்றும் பிளேட்டும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அந்த அடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும். லீவரை இழுத்தால் ஒயர் இழுபடும், ஒயர் ஒரு சிறு கையைத் திருப்பும், அந்தக் கை ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி பிரஷர் பிளேட்டைத் தூக்கும், அடுக்கு தளரும். அவ்வளவுதான். ஆக, உங்கள் விரல்கள் தாங்கும் கனத்தில் மூன்று பங்குதாரர்கள்: ஸ்பிரிங்கின் விசை, நெம்புகோல் கணக்கு, வழியெல்லாம் உள்ள உராய்வு.

இதில் ஸ்பிரிங்கைக் குறைத்தால் கிளட்சின் பிடி குறையும். ஸ்பிரிங் விசை ஐந்தில் ஒரு பங்கு போனால், அது தாங்கும் முறுக்கு விசையும் ஐந்தில் ஒரு பங்கு போகும். நெம்புகோலை மாற்றினால் கனம் குறையும், ஆனால் பிளேட் கிளம்பும் தூரமும் அதே அளவு குறையும். உராய்வைக் குறைப்பதற்கு மட்டும்தான் எதையும் விலையாகக் கொடுக்க வேண்டாம். அப்படியிருக்க, எல்லோரும் முதலில் கை வைப்பது ஸ்பிரிங்கில். ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எந்தப் பங்குதாரர் அதிகம் சாப்பிடுகிறார் என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர் போதும். எஞ்சின் பக்கத்து முனையில் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கீழ் முனையைக் கையில் லேசாகப் பிடித்துக்கொண்டு மேலே லீவரை இழுங்கள். ஒரு விரலில், பூப்போல வர வேண்டும். விட்டதும் கீழிருந்து லேசாக இழுத்தாலே லீவர் முழுதாகத் திரும்ப வேண்டும். வராமல் முனகினால், கரகரத்தால், நடுவில் எங்காவது நின்றால், பிரச்சினை லீவரிலோ ஒயரிலோ இருக்கிறது; கிளட்சைத் திறக்கவே வேண்டாம். அடுத்து மேல் முனையையும் கழற்றி லீவரைத் தனியாக ஆட்டிப் பார்த்தால், இரண்டில் எது குற்றவாளி என்பதும் தெரிந்துவிடும்.

என் மாமாவுக்கு அறுபது தாண்டியாயிற்று. விரல் மூட்டுகளில் வலி. அவருடைய புல்லட்டுக்கு என்னைவிட வயது அதிகம். "டேய், இதுக்கு மேல என் கை தாங்காது. நல்ல ஸ்கூட்டரா ஒண்ணு பாரு" என்றார். அவர் வாயிலிருந்து ஸ்கூட்டர் என்ற சொல் வந்ததே வீட்டில் பெரிய செய்தி. "ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிய விட்டுட்டுப் போங்க மாமா, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன். ஸ்பிரிங் மாற்றலாம் என்று ஏற்கெனவே ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். கீழ் முனையைக் கழற்றி லீவரை இழுத்தால், ஸ்பிரிங்கோடு தொடர்பே இல்லாத அந்த நிலையிலும் மூன்று விரல் தேவைப்பட்டது.

புல்லட்டில் ஒயரின் பயணம் கொஞ்சம் நீளம். லீவர் இடது கையில், ஒயர் போய்ச் சேரும் கியர் பாக்ஸ் மூடி வலது பக்கம். ஹெட்லைட் தலையைச் சுற்றி, டேங்குக்கு அடியில் நுழைந்து, பக்கம் மாறி இறங்கும். வழியில் உள்ள வளைவுகளைக் கூட்டிப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள், தோணிக் கயிற்றை ஒரு கட்டையில் சில சுற்று சுற்றிவிட்டால் ஒற்றை ஆள் அவ்வளவு பெரிய தோணியை நிறுத்திவிடுவார். வளைந்து போகும் கயிற்றின் உராய்வு கூட்டிக்கொண்டே போவதில்லை, பெருக்கிக்கொண்டே போகிறது. கிளட்ச் ஒயரிலும் அதே கணக்குதான். அங்கே நமக்கு உதவுவது இங்கே நம் கையைக் கொல்கிறது.

எண்ணாகவே பார்த்துவிடலாம். கீழே கிளட்ச் கை 10 கிலோ இழுப்பு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒயர் மொத்தமாக 180 டிகிரி வளைந்து போகிறது. உலர்ந்துபோன பழைய ஒயர், உராய்வுக் கெழு 0.15 என்றால், மேலே 16 கிலோ இழுக்க வேண்டும். உள்ளே வழவழப்பான டெஃப்லான் லைனிங் உள்ள ஒயர், கெழு 0.05 என்றால், 11.7 கிலோ போதும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் யாரோ ஒயரைத் தப்பாகச் சுற்றிவிட்டு வளைவு 270 டிகிரி ஆகிவிட்டால்? உலர்ந்த ஒயருக்கு 20 கிலோ. ஏறக்குறைய இரண்டு மடங்கு. லைனிங் ஒயருக்கு 12.7 கிலோதான். ஸ்பிரிங் அதேதான், யாரும் அதைத் தொடவில்லை.

இதைவிட முக்கியமானது திரும்பி வரும் கதை. லீவரை விடும்போது ஸ்பிரிங் ஒயரை இழுக்கிறது. இப்போது உராய்வு ஸ்பிரிங்குக்கு எதிராக நிற்கிறது. அந்த 270 டிகிரி உலர்ந்த ஒயரில், கீழே 10 கிலோ இழுத்தாலும் மேலே உங்கள் விரலுக்கு வந்து சேர்வது 5 கிலோதான். அதாவது இழுக்கும்போது 20, விடும்போது 5. ஹாஃப் கிளட்சில் வண்டியை நகர்த்தும்போது விரல் கொஞ்சம் தளர்கிறது, ஒன்றும் நடப்பதில்லை. இன்னும் தளர்கிறது, ஒன்றும் நடப்பதில்லை. திடீரென்று வண்டி துள்ளுகிறது. "கிளட்ச் குதிக்குது, பிளேட் போச்சு" என்று நாம் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். நல்ல ஒயரில் அதே கணக்கு 12.7க்கும் 7.9க்கும் நடுவே நிற்கும். பிளேட் ஒட்டும் இடம் விரலுக்குத் தெரியும். ஆக, கனமும் குதிப்பும் பல நேரம் ஒரே நோய்.

எனவே முதல் வேலை, ஒயர் போகும் வழி. டேங்கைக் கழற்றிவிட்டு ஒயரை மேலிருந்து கீழ்வரை கண்ணால் தொடருங்கள். ஒவ்வொரு வளைவும் அகலமாக, சோம்பலாக இருக்க வேண்டும். கூர்மையான மடிப்பு எங்கும் கூடாது. பிளாஸ்டிக் டேக் போட்டு ஃபிரேமோடு இறுக்கிக் கட்டியிருந்தால் அறுத்துவிடுங்கள். ஒயருக்கு அசைய இடம் வேண்டும். சைலன்சர் பைப்பையோ சிலிண்டர் ஹெட்டையோ உரசிப் போனால் உள் லைனிங் உருகும். உயரமான ஹேண்டில்பார் மாட்டியவர்கள் பழைய நீளத்து ஒயரையே இழுத்துப் பிடித்து வைத்திருப்பார்கள். அது கனமாகாமல் என்ன செய்யும்?

அடுத்து எண்ணெய். லைனிங் இல்லாத பழைய மாதிரி ஒயர் என்றால் மேல் முனையைக் கழற்றி, வெட்டிய ஆவின் பால் கவரின் மூலையில் சின்ன ஓட்டை போட்டு ஒயர் வாயில் கட்டி, லேசான எண்ணெய் ஊற்றி இரவு முழுக்கத் தொங்கவிட வேண்டும். காலையில் கீழே கறுப்பாகச் சொட்டியிருக்கும். தெளிவான எண்ணெய் சொட்டும்வரை ஊற்றலாம். டபிள்யூடி-40 அடித்தால் அழுக்கு கழுவி வரும், அன்றைக்குப் பிரமாதமாகவும் இருக்கும். ஆனால் அது நின்று வேலை செய்யும் எண்ணெய் இல்லை. கழுவ அதைப் பயன்படுத்துங்கள், பிறகு எண்ணெய் விடுங்கள். லைனிங் உள்ள ஒயருக்குள் தடித்த கிரீஸ் திணிக்க வேண்டாம். தூசியைப் பிடித்துவைத்துக் களிம்பாக்கிவிடும்.

நிப்பிளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் எண்ணெயை வீணாக்காதீர்கள், புது ஒயர்தான். ஒயர் அங்கே அறுவதற்கும் ஒரு காரணம் உண்டு. லீவரில் உட்காரும் அந்த உருளை நிப்பிள், லீவர் திரும்பும்போது தானும் திரும்ப வேண்டும். துருப்பிடித்து இறுகிவிட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி அதே இடத்தில் மடங்கி மடங்கி ஒடிகிறது. ஒரு துளி கிரீஸ் அங்கே போட்டால் போதும். (புது ஒயர் மாட்டும்போது பழசு நன்றாக இருந்தால் தூக்கிப் போடாமல், பக்கத்திலேயே இணையாக ஓட்டிக் கட்டி வைக்கும் வழக்கம் பழைய புல்லட்காரர்களுக்கு உண்டு. நடுக்காட்டில் ஒயர் அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.) சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ ஒயர் வாங்கும்போது இரண்டு முனையையும் பிடித்து, வளைத்து வைத்து இழுத்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான்.

மாமா வண்டியில் லீவரும் குற்றவாளி. பிவட் போல்ட்டை யாரோ பலம் பார்த்து இறுக்கியிருந்தார்கள். அந்த போல்ட் லீவரைத் தாங்கினால் போதும், நசுக்கக் கூடாது. லாக் நட்தான் அதை அவிழாமல் பார்த்துக்கொள்ளும். கழற்றி, துருவை உப்புத்தாளில் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டியதும் லீவர் தானாகவே தொங்கியது.

லீவர் விஷயத்தில் காசே செலவில்லாத இன்னொன்று, விரல் வைக்கும் இடம். பிவட்டிலிருந்து ஒயர் 25 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, உங்கள் விரல் 75 மில்லிமீட்டரில் இழுக்கிறது என்றால் உங்களுக்கு மூன்று மடங்கு ஆதாயம். அதே விரல் 125 மில்லிமீட்டரில் இழுத்தால் ஐந்து மடங்கு. லீவர் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஹேண்டில்பாரில் கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டினால் விரல்கள் லீவரின் நுனிப் பக்கம் போகும். உட்கார்ந்து கை நீட்டினால் முன்கையும் மணிக்கட்டும் லீவரும் ஒரே கோட்டில் வரும்படி கோணத்தையும் வையுங்கள். அழகுக்காக விற்கும் குட்டை லீவர்களை வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதே கணக்கால்தான். அவை வெட்டி எறிவது நமக்கு வேண்டிய நுனியை.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் லீவர்களில் பிவட்டுக்கும் நிப்பிளுக்கும் உள்ள தூரம் இரண்டு அளவில் வரும்: 7/8 அங்குலம், 1 1/16 அங்குலம். முதலாவது ஏறக்குறைய 22 மில்லிமீட்டர், இரண்டாவது 27. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் சின்ன அளவு லீவரில் கனம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஒயர் இழுபடும் தூரமும் அவ்வளவே குறையும். ஒயரை மாற்றியும் லேசாகவில்லை என்பவர்கள், கைக்கு வந்த லீவரைக் குறை சொல்லும் முன் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

இங்கேதான் அந்த விலை வருகிறது. "ஈசி கிளட்ச்" என்று விற்கும் சாமான்களில் நிறைய, கீழே உள்ள கிளட்ச் கையை நீட்டித் தருபவை. 40 மில்லிமீட்டர் கையை 50 ஆக்கினால் கனம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், உண்மைதான். பிளேட் 2 மில்லிமீட்டர் கிளம்பிய இடத்தில் இனி 1.6 தான் கிளம்பும். 0.4 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். உராயும் பிளேட் ஆறு உள்ள கிளட்சில் பிரிய வேண்டிய முகங்கள் பன்னிரண்டு. 2 மில்லிமீட்டரைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.17 மில்லிமீட்டர் கூட இல்லை. அது 0.13 ஆகிறது. பிளேட் கொஞ்சம் வளைந்திருந்தாலோ எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலோ அந்த இடைவெளி போதாது. லீவரை முழுதாக இழுத்தும் வண்டி முன்னே ஊரும், சிக்னலில் நியூட்ரல் விழாது. புல்லட்டில் எந்தக் கியரிலிருந்தும், முதல் கியர் தவிர, ஒரே மிதியில் நியூட்ரலுக்கு வர ஒரு தனி லீவர் கொடுத்திருந்தார்கள். மற்ற வண்டிக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. உராய்வை எல்லாம் எடுத்த பிறகும் கனம் மிச்சமிருந்தால், பிளேட்டுகள் நேராக இருந்தால், கை நீட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை முதல் வைத்தியமாகச் செய்வதில்தான் ஆட்சேபம். ஒயரும் கையும், இழுப்பின் நடுவழியில் செங்கோணத்தில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அட்ஜஸ்ட்மெண்ட் கெட்டுப்போய் கோணம் தப்பியிருந்தாலே கனம் கூடும்.

அட்ஜஸ்ட்மெண்ட்டைத் தொடங்க வேண்டியது கீழிருந்து. காஸ்ட் அயர்ன் புல்லட்டில் வலது பக்க கியர் பாக்ஸ் மூடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைத் திறந்தால் திருகும் லாக் நட்டும். மேலே உள்ள ஒயர் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்திவிட்டு, அந்தத் திருகை கம்பியைத் தொடும்வரை உள்ளே விட்டு, கொஞ்சம் பின்வாங்கிப் பூட்ட வேண்டும். பிறகு ஒயர் அட்ஜஸ்டரால் லீவர் அடியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே, அதாவது ஒயர் இறுகும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம், வைக்க வேண்டும். நுனியில் அது 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆடும். பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறையும் என்பதை மறக்க வேண்டாம். அது சுழியமானால் கிளட்ச் ஸ்லிப் அடிக்கும்; அதிகமானால் பிளேட் பிரியாது.

இத்தனையும் செய்தும் குதித்தால்தான் மூடியைத் திறப்பது. புல்லட்டில் இடது பக்க மூடியை ஒற்றை நட்டுதான் பிடித்திருக்கும். ஃபுட்ரெஸ்டும் பிரேக் பெடலும் வழிவிட வேண்டும், எண்ணெய் கீழே கொட்டும், அவ்வளவே. லீவரை இழுத்துக் கட்டிவிட்டு கிக்கரை மெதுவாக அமுக்கினால் பிரஷர் பிளேட் சுற்றுவதை நேரில் பார்க்கலாம். தட்டாமாலை ஆடாமல் ஒரே மட்டத்தில் சுற்ற வேண்டும். ஆடினால் ஏதோ ஒரு ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது திருகுகள் சமமாக இறுகவில்லை. ஸ்பிரிங்கை மாற்றுவதானால் முழு செட்டாக, கம்பெனி அளவிலேயே. வெளி ட்ரம்மின் விரல்களில் பிளேட் காது அடித்து அடித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். பிளேட் அந்தப் பள்ளத்தில் மாட்டி மாட்டி நகர்வதுதான் பல வண்டிகளின் குதிப்பு. லேசான பள்ளத்தை அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானால் ட்ரம்மையே மாற்ற வேண்டும். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்தால் வளைவு தெரியும். புது பிளேட்டுகளை இரவு முழுக்க எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள்.

எண்ணெய் பற்றி ஒன்று மட்டும். கிளட்ச், எஞ்சின் எண்ணெயிலேயே நனையும் வண்டிகளுக்கு ஜேஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை உள்ளதையே வாங்குங்கள். உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்த கார் எண்ணெயை ஊற்றினால் பிளேட்டுகளும் வழுக்க ஆரம்பிக்கும்.

புதிய வண்டிகளில் இந்தத் தலைவலியை வேறு விதமாகத் தீர்த்துவிட்டார்கள். அசிஸ்ட் கிளட்சில் சரிவான பற்கள் உண்டு. எஞ்சின் இழுக்கும்போது அந்தச் சரிவு பிளேட்டுகளைத் தானே இறுக்கிக்கொள்கிறது. அதனால் மெல்லிய ஸ்பிரிங்கே போதும். கவாஸாகி நிஞ்ஜா 300, யமஹா ஆர்15இன் மூன்றாம் பதிப்பு, 2018இல் வந்த ராயல் என்ஃபீல்டு 650 வண்டிகள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஸ்பிரிங்கைக் குறைப்பதென்றால் அப்படிக் குறைக்க வேண்டும், ஈடு கொடுத்துவிட்டு. பழைய வண்டியில் ஈடு கொடுக்க எதுவும் கிடையாது.

மாமா ஸ்கூட்டர் வாங்கவில்லை. அவருக்கு ஆன செலவு ஒரு லைனிங் ஒயர், ஒரு லீவர் போல்ட், கொஞ்சம் கிரீஸ். ஸ்பிரிங்குகள் பழையவையே. சிக்னலில் லீவரைப் பிடித்துக்கொண்டே நிற்காமல் நியூட்ரல் போடச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறாரா என்பது வேறு விஷயம்.

நீங்கள் இதைச் செய்து பார்ப்பதானால், வண்டியை வெளியே எடுக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, இரண்டு பக்கமும் ஃப்ரீ பிளேயைப் பாருங்கள். மாறினால் ஒயர் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். ஒயரின் வழியைச் சரிசெய்யாமல் ரோட்டில் இறங்காதீர்கள்.